நீ இங்கே வா. நான் அங்கே போகிறேன்!

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் ராஜகிரி மலையை அண்ணாந்து பார்ப்பார்கள். "இவ்வளவு உயரத்தில் எப்படித்தான் கட்டினார்களோ!" என்று மூக்கின் மேல் விரலை வைப்பார்கள். அந்தக் கோட்டைக்குள் எத்தனை மொழிகள் பேசினார்கள் என்று யாரும் கேட்பது இல்லை.

கணக்குப் பார்த்தால் அதுவும் மலைக்க வைக்கும்.

கோட்டையை முதலில் கட்டியவர் ஆனந்தக்கோன் என்பார்கள். அவர் மொழி தமிழ். பிறகு வந்த நாயக்கர்கள் பேசியது தெலுங்கு. 1649-ல் பீஜப்பூர் சுல்தானின் படை வந்தது. 1677-ல் சிவாஜி வந்தார். கோட்டைக்குள் மராத்தி கேட்டது. 1698-ல் மொகலாயர் பிடித்தார்கள். பந்தேல மரபில் வந்த தேசிங்கு ராஜன் 1714-ல் இந்த மண்ணில்தான் போரிட்டு மாண்டான். 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஏறினார்கள். 1761-ல் அவர்களை இறக்கிவிட்டு ஆங்கிலேயர் ஏறினார்கள்.

வந்த மொழிகளில் சில, வந்த படையோடு போய்விட்டன. சில இங்கேயே தங்கிவிட்டன. வீட்டுக்குள் தெலுங்கோ உருதோ பேசி, வாசலுக்கு வந்ததும் தமிழ் பேசும் குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் புதியவை அல்ல.

அந்தக் காலத்தில் ஒரு மொழி இன்னொரு ஊருக்குப் போக வேண்டும் என்றால் குதிரையும் பீரங்கியும் வேண்டி இருந்தது. இன்று அது வேண்டாம். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு போர்வை, ஒரு ரெயில் டிக்கெட்டு போதும். 14 வயதுப் பிள்ளை ஒன்று அந்த வேலையைச் செய்துவிடும்!

80 பேரில் 24 பேர்

நவோதயா பள்ளிக்கூடங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு இருப்பீர்கள். மத்திய அரசு நடத்தும் பள்ளிகள் அவை. 1985-86-ம் ஆண்டில், சோதனையாக இரண்டே இரண்டு பள்ளிகள் திறந்தார்கள். ஒன்று அரியானாவில் உள்ள ஜஜ்ஜரில். மற்றொன்று மராட்டியத்தில் உள்ள அமராவதியில். இன்று நாடு முழுவதும் 650-க்கு மேல் இருக்கின்றன.

ஒரு மாவட்டத்துக்கு ஒரு பள்ளி. ஆறாம் வகுப்பில் பரீட்சை வைத்து எடுப்பார்கள். நான்கில் மூன்று பங்கு இடம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு. மூன்றில் ஒரு பங்கு பெண் பிள்ளைகளுக்கு. தங்குவதும் சாப்பிடுவதும் படிப்பதும் அங்கேயே.

இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தெரியாத செய்தி ஒன்று உண்டு.

ஒன்பதாம் வகுப்பு வந்ததும், பிள்ளைகளில் 100-க்கு 30 பேரை வேறு மொழி பேசும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்! ஒரு வகுப்பில் 80 பேர் என்றால் 24 பேர். ஒரு நாள் இரண்டு நாள் சுற்றுலா அல்ல. ஒரு முழுப் பள்ளி ஆண்டு.

இந்தி பேசும் மாவட்டத்துப் பிள்ளைகள், இந்தி பேசாத மாவட்டத்துக்குப் போவார்கள். அங்கே இருந்து அதே போல ஒரு கூட்டம் இங்கே வரும். இரண்டு பள்ளிகளையும் ஒன்றோடு ஒன்று இணைத்து வைத்து இருப்பார்கள். ஆசிரியர் ஒருவர் ரெயிலில் கூடவே போய், பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு வருவார்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்தி பேசும் மாவட்டத்துப் பள்ளியிலும் மூன்றாவதாக ஒரு மொழி கற்க வேண்டும். எந்த ஊர்ப் பள்ளியோடு இணைப்போ, அந்த ஊர் மொழிதான் அது. மலையாளப் பள்ளியோடு இணைப்பு என்றால் மலையாளம். தெலுங்குப் பள்ளியோடு என்றால் தெலுங்கு. தமிழ்ப் பள்ளியோடு என்றால், கங்கைக் கரைப் பையன் உட்கார்ந்து 'அ, ஆ' எழுத வேண்டியதுதான்!

சம்சாரம் எங்கே?

புது ஊரில் பிள்ளைகளுக்கு முதல் தொல்லை, தெரியாத சொல் அல்ல. தெரிந்த சொல்தான்!

'சம்சாரம்' என்ற சொல்லையே எடுத்துக் கொள்ளுங்கள். தமிழில் "சம்சாரம் ஊருக்குப் போயிருக்கிறாள்" என்றால் மனைவி. மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. "சம்சாரம் வேண்டாம்" என்று வாத்தியார் அதட்டினால், பேசாதே என்று பொருள். மனைவியை யாரும் தள்ளி வைக்கவில்லை! தெலுங்கில் சம்சாரம் என்றால் குடும்பம். இந்தியில் 'சன்சார்' என்றால் உலகம்.

ஒரே சொல். தமிழனுக்கு மனைவி, மலையாளிக்குப் பேச்சு, தெலுங்கருக்குக் குடும்பம், இந்திக்காரருக்கு உலகம். நான்கும் ஒன்றுதான் என்று சொல்லும் கணவன்மார்களும் இருப்பார்கள்; அது வேறு கதை.

'வெள்ளம்' என்றால் தமிழ்நாட்டில் ஊரைக் காலி செய்ய வேண்டும். கேரளத்தில் ஒரு டம்ளரில் குடித்துவிட்டுப் போகலாம். அங்கே தண்ணீருக்குத்தான் வெள்ளம் என்று பெயர். 'அவசரம்' என்று தெலுங்கர் சொன்னால் ஓட வேண்டியது இல்லை. 'தேவை' என்றுதான் பொருள்.

எல்லாவற்றிலும் வேடிக்கை 'சிக்ஷா'. இந்தியில் சிக்ஷா என்றால் கல்வி. மராத்தியில் சிக்ஷா என்றால் தண்டனை! அரியானாப் பையன் அமராவதிக்குப் போய், "உனக்குச் சிக்ஷா" என்று கேட்டால் மகிழ்ந்து போவான். அடுத்த நிமிடம் பெஞ்சு மேல் நிற்க வேண்டி இருக்கும். தமிழிலும் பழைய ஆட்கள் தண்டனையைச் 'சிட்சை' என்றுதான் சொல்வார்கள். ஆகவே இந்த விஷயத்தில் தமிழனும் மராட்டியனும் ஒரு கட்சி.

இப்படிப்பட்ட பாடம் எந்த இலக்கணப் புத்தகத்திலும் நிற்காது. ஒருமுறை எல்லோரும் சிரித்துவிட்டால் ஆயுளுக்கும் மறக்காது.

அம்மாவின் கவலை

பிள்ளைகள் துணிந்துவிடுவார்கள். அம்மாக்கள்தான் அழுவார்கள்.

அது இயல்பு. பதினான்கு வயது என்பது இரண்டும் கெட்டான் வயது. காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்? சோறு சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை தினமும் ரொட்டி சாப்பிடுமா? ரொட்டி சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை மூன்று வேளையும் அரிசியா என்று முகம் சுளிக்காதா? டிசம்பர் மாதக் குளிரைச் செஞ்சிப் பக்கத்துப் பிள்ளை கண்டது உண்டா? அங்கே உத்தர பிரதேசத்தில் அது எலும்பைத் துளைக்கும். படிப்பு கெட்டுப் போனால் பத்தாம் வகுப்பில் என்ன ஆவது?

அப்பாக்கள் வேறு ஒரு கேள்வி கேட்பார்கள். "இருக்கிற மொழியில் இருக்கிற பாடத்தைப் படித்தால் போதாதா?"

கேள்வி சரியானதுதான். மற்ற ஊர்க்காரன் மொழியைத் தெரிந்து கொண்டால் மட்டும் வயிறு நிறையாது. ஆனால் ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைப்பது இன்று யாருக்கும் புதிது இல்லை. கொத்து வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் பீகாரில் இருந்தும் ஒரிசாவில் இருந்தும் இளைஞர்கள் தமிழ்நாட்டுக்கு வருகிறார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பெங்களூருக்கும் பம்பாய்க்கும் போகிறார்கள். இருபது வயதில் வேலைக்காகப் போகும் இடத்துக்கு, பதினான்கு வயதில் பாடத்துக்காகப் போனால் குறைந்தா போகும்?

இந்தத் திட்டத்தில் குறை இல்லாமல் இல்லை. இருபது, இருபத்து நாலு பிள்ளைகள் ஒன்றாகப் போய், ஒரே விடுதியில் படுக்கிறார்கள். பகல் எல்லாம் புது மொழி. விளக்கை அணைத்ததும் சொந்த மொழி! புது ஊரின் வீடுகளுக்குள் கால் வைக்க வாய்ப்புக் குறைவு. ஒரு மொழி நன்றாக வாய்க்குள் நுழைவது அடுப்பங்கரையில்தான். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று ஒரு தாய் கேட்கும்போது வருகிற மொழி, வாத்தியார் பிரம்பை ஆட்டும்போது வராது. ஆனாலும் வீட்டுக்கு வெகு தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு, இரவில் தன் மொழியில் பேச நாலு பேர் வேண்டாமா? அதையும் எண்ணிப் பார்க்க வேண்டி இருக்கிறது.

இத்தாலிக்குள் ஒரு ஜெர்மன் சீமை

இதே வேலையை ஐரோப்பாவில் வேறு விதமாகச் செய்கிறார்கள். அங்கே பிள்ளை ரெயில் ஏற வேண்டியது இல்லை. தெருவைத் தாண்டினால் போதும்!

வட இத்தாலியில், ஆல்ப்சு மலைகளுக்கு நடுவே, தென் டிரோல் என்று ஒரு மாகாணம். ஆப்பிள் தோட்டங்களுக்கும் மலைக் கோட்டைகளுக்கும் பேர் போனது. ஐந்து லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள். விழுப்புரம் மாவட்டத்தில் ஏறக்குறைய கால் பங்கு. அவர்களில் 100-க்கு 69 பேர் ஜெர்மன் மொழி பேசுகிறவர்கள். 26, 27 பேர் இத்தாலி மொழி. மீதிப் பேர் மலைப் பள்ளத்தாக்குகளில் 'லடின்' என்ற பழைய மொழி பேசுகிறார்கள். ஒவ்வோர் ஊருக்கும் இரண்டு பெயர். தலைநகரை ஜெர்மன்காரர் 'போட்சன்' என்பார். இத்தாலியர் 'பொல்சானோ' என்பார். வழிகாட்டிப் பலகையில் இரண்டும் இருக்கும்.

இன்று அமைதியாக இருக்கும் இந்த இடம் ஒரு காலத்தில் கொதித்த இடம்.

முதல் உலகப் போர் வரை தென் டிரோல் ஆஸ்திரியாவைச் சேர்ந்தது. 1919-ம் ஆண்டு ஒப்பந்தத்தில் அதை இத்தாலிக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு முசோலினி வந்தார். 1923-ல் ஒரு சட்டம் பிறந்தது. பள்ளிக்கூடங்களில் ஜெர்மன் மொழியைப் படிப்படியாக ஒழித்தார்கள். ஊர்ப் பெயர்களை இத்தாலியப் பெயர்களாக மாற்றினார்கள்.

தாய்மொழி படிக்கத் தடை! மக்கள் என்ன செய்தார்கள்?

ஒளிந்து படித்தார்கள். பரண் மீதும், வைக்கோல் கொட்டகையிலும், வீட்டு நிலவறையிலும் இரகசியப் பள்ளிக்கூடம் நடந்தது. பாடம் சொன்னவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். அவர்களில் ஒருத்தி ஆஞ்செலா நிக்கோலெட்டி. பிள்ளைகளுக்கு ஜெர்மன் எழுத்துச் சொல்லிக் கொடுத்த குற்றத்துக்காக 1927-ல் அவளைச் சிறையில் போட்டார்கள். ஊரை விட்டும் விரட்டினார்கள். உடல் நலிந்து, 1930-ல் அவள் கண் மூடினாள். அப்போது வயது 25.

கொடுமை அதோடு நிற்கவில்லை. 1939-ல் இட்லரும் முசோலினியும் பேசி ஒரு முடிவு செய்தார்கள். "ஜெர்மன் மொழி வேண்டுமானால் ஜெர்மனிக்குப் போ. மண் வேண்டுமானால் இத்தாலியனாக மாறு." ஏறக்குறைய 75 ஆயிரம் பேர் வீட்டையும் தோட்டத்தையும் விட்டுவிட்டுப் போனார்கள். பின்னர் சிலர் திரும்பி வந்தார்கள்.

போர் முடிந்ததும் ஜெர்மன் பள்ளிகள் மறுபடி திறந்தன. 1946 செப்டம்பர் 5-ந் தேதி பாரிசில் இத்தாலியும் ஆஸ்திரியாவும் ஒப்பந்தம் செய்தன. ஒப்பந்தம் ஏட்டில் இருந்தது. நடைமுறைக்கு வரவில்லை என்று மக்கள் குமுறினார்கள். 1961 ஜூன் மாதம், ஒரே இரவில் பல மின்சாரக் கோபுரங்களை வெடி வைத்துச் சாய்த்தார்கள். கடைசியில் 1972-ல் புதிய தன்னாட்சிச் சட்டம் வந்த பிறகுதான் நிலைமை தணிந்தது.

எதிர்த்த வாசல்

அந்தச் சட்டப்படி ஜெர்மன் பிள்ளைக்கு ஜெர்மன் பள்ளிக்கூடம். இத்தாலியப் பிள்ளைக்கு இத்தாலியப் பள்ளிக்கூடம். தாய்மொழியாக அந்த மொழியைப் பேசுகிறவர்தான் அங்கே ஆசிரியராக இருக்க முடியும். அடுத்த மொழியையும் சிறு வயதிலேயே பாடமாக வைக்கிறார்கள். அரசாங்க வேலை வேண்டும் என்றால் இரண்டு மொழியிலும் பரீட்சை தேற வேண்டும்.

சண்டை தீர்ந்தது. ஆனால் புதிதாக ஒரு சங்கடம் முளைத்தது. ஒரே ஊர்ப் பிள்ளைகள் வெவ்வேறு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். ஒரே கடையில் ஐஸ்கிரீம் வாங்கினார்கள். ஆனால் ஒருவன் பெயர் ஒருவனுக்குத் தெரியாது! பத்து ஆண்டு பாடம் படித்தும், பேச வேண்டிய இடத்தில் நாக்கு எழவில்லை.

இத்தாலியப் பிள்ளைகள் பாடு இன்னும் திண்டாட்டம். அவர்கள் பள்ளியில் படிப்பது இலக்கண சுத்தமான ஜெர்மன். தெருவில் ஜெர்மன்காரர் பேசுவதோ மலை நாட்டுக் கொச்சை! 'நிலக்கடலை' என்று பாடத்தில் படித்தவன், வல்லத்து வயலில் வந்து "மல்லாட்டை பிடுங்கியாச்சா?" என்று கேட்டு விழித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

அதற்காக வந்த ஏற்பாடுதான் 'இரண்டாம் மொழி ஆண்டு'. மேல்நிலைப் பள்ளி மாணவன், விரும்பினால், ஓர் ஆண்டு எதிர்த்த மொழிப் பள்ளிக்கூடத்தில் போய்ப் படிக்கலாம். ஜெர்மன் பள்ளிப் பெண் இத்தாலியப் பள்ளியில் உட்காருவாள். இத்தாலியப் பையன் ஜெர்மன் பள்ளியில் உட்காருவான். கணக்கும் சரித்திரமும் விஞ்ஞானமும் எதிர் மொழியில்தான். மாலையில் அவரவர் வீட்டுக்குப் போய் அம்மா கையால் சாப்பிடலாம். ஆண்டு முடிந்ததும் சொந்தப் பள்ளிக்கே திரும்பலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1923-ல் சட்டம் போட்டுப் பிள்ளைகளை இத்தாலிய மொழிக்குள் தள்ளினார்கள். பிள்ளைகள் பரண் மேல் ஏறி ஒளிந்தார்கள். பிறகு, சொந்த மொழிக்குச் சொந்தப் பள்ளிக்கூடம் உறுதியானது. யாரும் அதைப் பிடுங்க முடியாது என்ற தைரியம் வந்தது. அதற்குப் பிறகு, அதே பிள்ளைகளின் பேரப் பிள்ளைகள் தாங்களாகவே தெருவைத் தாண்டி, எதிர்த்த வாசலில் நுழைந்தார்கள். இத்தாலியப் பிள்ளைகளும் அதே போல இந்த வாசலுக்கு வந்தார்கள்.

பிரான்சும் ஜெர்மனியும் செய்தது இன்னும் ஒரு படி மேல். 1870, 1914, 1939 என்று மூன்று முறை அடித்துக் கொண்ட நாடுகள் அவை. 1963 ஜனவரி 22-ந் தேதி இரண்டும் நட்பு ஒப்பந்தம் செய்தன. அதே ஆண்டில் இளைஞர்களை மாற்றி மாற்றி அனுப்ப ஒரு கூட்டு அலுவலகம் திறந்தார்கள். இதில் ஒரு திட்டப்படி, ஒரு பிள்ளை ஆறு மாதம் அடுத்த நாட்டு வீட்டில் தங்கிப் படிக்கும். அந்த வீட்டுப் பிள்ளை பிறகு ஆறு மாதம் இந்த வீட்டுக்கு வரும். உன் கட்டிலில் நான், என் கட்டிலில் நீ! தகப்பனார்கள் பீரங்கி இழுத்துப் போன எல்லையில், பிள்ளைகள் சூட்கேஸ் இழுத்துப் போனார்கள்.

வல்லத்துப் பிள்ளைக்கு?

மறுபடி செஞ்சிப் பக்கம் வருவோம்.

செஞ்சியில் இருந்து புதுச்சேரி ஏறக்குறைய 70 கிலோ மீட்டர். புதுச்சேரியை அடுத்த காலாப்பட்டில் ஒரு நவோதயா இருக்கிறது. காரைக்காலில் ஒன்று, மலையாளம் பேசும் மாஹேயில் ஒன்று, தெலுங்கு பேசும் ஏனாமில் ஒன்று என்று, அந்தச் சின்னப் பிரதேசத்தில் மட்டும் நான்கு பள்ளிகள். ஆனால் செஞ்சி வட்டத்து வல்லத்தில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை அங்கே பரீட்சை எழுத முடியாது. அந்தந்த மாவட்டத்தில் படிக்கும் பிள்ளைக்குத்தான் அந்தந்தப் பள்ளி.

தமிழ்நாட்டில் நவோதயா இதுவரை திறக்கப்படவில்லை. காரணம் மொழி. நவோதயாவில் இந்தி உட்பட மூன்று மொழி. தமிழ்நாட்டிலோ தமிழும் ஆங்கிலமும் மட்டும் என்று, அண்ணா முதல்-அமைச்சராக இருந்தபோது, 1968 ஜனவரி 23-ந் தேதி சட்டசபையில் தீர்மானம் ஆயிற்று. பள்ளி வேண்டும் என்று கேட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. இதில் இரண்டு பக்கமும் சூடான பேச்சு உண்டு. மொழியைத் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் வெறும் பயம் அல்ல என்பதற்கு, தென் டிரோல் பரண்களே சாட்சி.

ஆனால் வழக்கு முடியும் வரை பிள்ளைகள் காத்துக் கொண்டு இருக்க வேண்டுமா? பெரிய பள்ளியும் சட்டமும் இல்லாமலே செய்யக் கூடியது ஒன்று உண்டு.

2025 ஜூலை மாதம் செஞ்சிக் கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை கிடைத்தது. 'மராட்டிய ராணுவக் கோட்டைகள்' என்ற பட்டியலில் மொத்தம் 12 கோட்டைகள். 11 மராட்டியத்தில், செஞ்சி ஒன்றுதான் தமிழ்நாட்டில். அந்தப் பதினொன்றில் ஒன்று, கோலாப்பூரை அடுத்த பன்ஹாலா. சிவாஜியின் மகன் ராஜாராம், 1689-ல் மொகலாயருக்குத் தப்பி, பன்ஹாலாவில் இருந்து மாறுவேடம் போட்டுக் கொண்டு செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். 1698 வரை செஞ்சிதான் மராட்டியருக்குத் தலைநகரம் போல இருந்தது.

ராஜாராம் வந்த வழியில் இரண்டு ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் போய் வந்தால் என்ன? ஓர் ஆண்டு வேண்டாம். கோடை விடுமுறையில் பத்து நாள் போதும். பத்துப் பிள்ளைகள் அங்கே, பத்துப் பிள்ளைகள் இங்கே. விடுதி வேண்டாம், வீட்டுக்கு ஒரு பிள்ளை. ரெயில் செலவுக்கு மட்டும் இரண்டு அரசாங்கமும் கை கொடுத்தால் போதும். இந்திக்கும் வேலை இல்லை. ஆங்கிலத்துக்கும் அதிக வேலை இல்லை. தமிழுக்கு மராத்தி, மராத்திக்குத் தமிழ்.

பகலில் கோட்டையைச் சுற்றலாம். தங்கள் ஊர் ராஜா ஒளிந்து இருந்த மலையை மராட்டியப் பிள்ளை பார்க்கும். செஞ்சிக் கோட்டைக்கு உறவான இன்னொரு மலைக் கோட்டையை வல்லத்துப் பிள்ளை பார்க்கும். காலையில் இட்டலிக்குப் பதில் சோளரொட்டி தட்டில் விழும். இங்கே வந்த பிள்ளை, அது என்ன இவ்வளவு புளிப்பு என்று ரசத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக் கொள்ளும்.

சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, வேக வைத்த கடலையை உரிக்கலாம். கோலாப்பூர்ப் பக்கமும் கடலை விளைகிற மண்தான். வந்த பிள்ளை ஒரு காயைக் கையில் எடுத்து, "சேங்கா" என்று சொல்லும்.

வீட்டுப் பிள்ளை சிரித்துக் கொண்டே சொல்லும்:

"இல்லை. மல்லாட்டை!"